நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்

"சாராயம் விக்கிறதாடா ஒரு கவர்ன்மென்ட்டோட வேலை? பிரைவேட்கிட்ட குடுத்துட்டு வரியை மட்டும் வாங்கிக்க வேண்டியதுதானே?"

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்பட்டு, டாஸ்மாக் வருமானம் செய்தியாகும் வாரத்தில் கொஞ்சம் சத்தமாகவே வரும். 2023-24இல் 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. எண்ணைப் பார்த்ததும் ஒருவன் ச்சீ என்பான், இன்னொருவன் 'அப்ப அது நல்ல பிசினஸ்தானே' என்பான், மூன்றாமவன் தனியார்மயம் என்பான். மேஜை அமைதியாகத் தலையாட்டும். ரயில்வே கேன்டீனிலிருந்து ராக்கெட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் எங்கள் தலைமுறை வைத்திருக்கும் ஒரே மருந்து அது.

நானும் குடிப்பவன்தான், அடிக்கடி இல்லை. அதனால் இந்தக் கோரிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்க வேண்டாத கடை. அலமாரியிலிருந்து நாமே எடுத்துப் பார்க்கக்கூடிய பாட்டில். கேட்ட பிராண்ட். பில். அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்காத விற்பனையாளர். இவற்றைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை, வாடிக்கையாளர் என்றால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இதைக் கேட்கும்போது 'அரசின் கடமை', 'கொள்கை' என்கிற வார்த்தைகளை ஏன் இழுக்க வேண்டும்? நல்ல கடை வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. நம் தெருவில் கடை இருக்கலாமா என்பது வேறொரு கோரிக்கை. இரண்டாவதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் அந்த மேஜையில் உட்காருவதில்லை.

அவர்கள் வாதத்தின் வலுவான பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் மதுவுக்கு வரி போடுவது அரசு. எந்த ஆலை எவ்வளவு தயாரிக்கலாம் என்று உரிமம் கொடுப்பது அரசு. ஆலைகளிடம் மொத்தமாக வாங்குவது அரசு நிறுவனம், சில்லறையில் விற்பதும் அதே நிறுவனம். அந்த விற்பனையில் தப்பு நடக்கிறதா என்று பார்ப்பது அரசு. 'குடி குடியைக் கெடுக்கும்' என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பேரணி நடத்த வைப்பதும் அரசு. இத்தனைக்கும் பொறுப்பான இலாகாவின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை. டாஸ்மாக்குக்குச் சில்லறை விற்பனையில் தனியுரிமை கொடுத்த 2003ஆம் வருடத் திருத்தம்கூட 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தொழிலில் ஒருவன் எழுதிய கோடை அவனே ரிவ்யூ செய்து, அவனே அப்ரூவ் செய்து, அவனே ப்ரொடக்‌ஷனில் ஏற்ற விடமாட்டோம். அவன் கெட்டவன் என்பதால் இல்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால். ஆகவே 'அரசே விற்கக் கூடாது' என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சரி, தனியாரிடம் கொடுத்தால் அந்தக் கோளாறு தீருமா?

தனியார் நமக்குப் புதிதில்லை என்பது என் மேஜை நண்பர்கள் பலருக்கு மறந்துவிட்டது, அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். டாஸ்மாக் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்காக மட்டும் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் வரை சில்லறைக் கடைகள் தனியார் கையில்தான் இருந்தன. முதலில் ஏலம். ஏலம் எடுப்பவர்கள் கூட்டு சேர்ந்து தொகையைத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று சொல்லி, பிறகு குலுக்கல். அதுவும் கஜானாவுக்கு நஷ்டம் என்று சொல்லித்தான் ஜெயலலிதா அரசு கடைகளைத் தானே எடுத்துக்கொண்டது. குடிப்பவனின் கல்லீரலைப் பற்றியோ அவன் வீட்டு அடுப்பைப் பற்றியோ அந்த முடிவில் ஒரு கவலையும் இல்லை. முழுக்க வருமானக் கணக்கு. 2003-04இல் சுமார் 3,600 கோடியாக இருந்த தொகை இருபது வருடத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வரிவிகிதமும் விலையும் ஏறியதும் அதில் சேர்த்திதான். எப்படிப் பார்த்தாலும் அரசு நினைத்தது நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த 45,855 கோடி என்பது கடை லாபம் இல்லை. ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்த தொகை. கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் அது அரசுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். 'வரியை மட்டும் வாங்கிக்க வேண்டியதுதானே' என்று நண்பன் சுலபமாகச் சொல்வது இதைத்தான். அப்படியானால் விற்பனை கூடினால் அரசுக்கு லாபம், குறைந்தால் நஷ்டம் என்கிற நிலைமை அப்படியே இருக்கிறது. ரிவ்யூ செய்பவனுக்கு இப்போதும் அதே போனஸ்தான். கோட் எழுதுவதை மட்டும் கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருக்கிறான்.

இந்தக் கேள்வியை உண்மையிலேயே வாக்காளர்களிடம் கேட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம். எங்கள் ஆட்கள் பாதிப்பேருக்கு சியாட்டில் தெரியும். அங்கே மதுவிலக்கு முடிந்த காலத்திலிருந்து விஸ்கி, பிராந்தி வகையறாக்களை மாநில அரசுக் கடைகள்தான் விற்றுவந்தன. 2010இல் தனியார்மயம் கோரி இரண்டு முன்மொழிவுகள் வாக்குச்சீட்டுக்கு வந்தன. இரண்டையும் மக்கள் நிராகரித்தார்கள். அடுத்த வருடம் காஸ்ட்கோ நிறுவனம் இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்து இன்னொரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. 2011 நவம்பரில் சுமார் 59 சதவீதம் பேர் ஆதரித்து அது வென்றது. 10,000 சதுர அடிக்குக் குறையாத கடைகளுக்குத்தான் பொதுவாக உரிமம் என்று அதில் ஒரு விதி. காஸ்ட்கோ கடைகள் எவ்வளவு பெரியவை என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2012 ஜூன் 1 முதல் தனியார் விற்பனை. முன்பு மாநிலம் முழுக்கச் சுமார் 330 கடைகள் இருந்த இடத்தில் சீக்கிரமே 1,400 இடங்களுக்கு மேல் மது கிடைத்தது. அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 900 பேருக்கு வேலை போனது. விலை குறையும் என்று நம்பியவர்கள் கல்லாவில் நின்று முழித்தார்கள். அரசு தன் வருமானத்தை விடத் தயாராக இல்லை. விநியோகஸ்தருக்கு 10 சதவீதக் கட்டணம், சில்லறைக் கடைக்கு 17 சதவீதக் கட்டணம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் ஏற்கெனவே இருந்த வரிகள். அலமாரியில் எழுதியிருந்தது ஒரு விலை, பில்லில் வந்தது வேறு விலை. எல்லையோரத்து ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு ஆரிகனுக்கும் ஐடஹோவுக்கும் போனார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆரிகனும் ஐடஹோவும் மது விற்பனையை அரசின் பிடியில் வைத்திருக்கும் மாநிலங்கள். அரசுக் கடை வேண்டாம் என்று வாக்களித்த ஊரின் ஆட்கள், பக்கத்து ஊர் அரசின் பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அந்த வாக்காளர்கள் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி 'யார் விற்க வேண்டும்?' என்பது. வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வி. வாடிக்கையாளராகவே பதில் சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா. 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டா என்கிற ஊரில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவியது, பல இடங்களில் சாராய ஏலத்தையே நடத்த விடவில்லை. 1993இல் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ஆர். முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் அவர் மருமகன் சந்திரபாபு நாயுடு அதை விலக்கினார். பிறகு தனியார் கடைகள். 2019இல் படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதியோடு வந்த ஜெகன் மோகன் ரெட்டி கடைகளை அரசுடைமையாக்கினார். வந்தது மதுவிலக்கு இல்லை. விலை ஏறியது, தெரிந்த பிராண்டுகள் காணாமல் போயின, யாரும் கேள்விப்படாத பெயர்களில் பாட்டில்கள் வந்தன. ரொக்கம் மட்டும்தான் வாங்குவோம் என்றார்கள். 2024 தேர்தலில் நாயுடு, தரமான மதுவைக் குறைந்த விலைக்குத் தருவேன் என்று மேடையிலேயே சொன்னார். வென்றார். 2024 அக்டோபரில் 3,396 கடைகள் குலுக்கலில் தனியாருக்குப் போயின. விண்ணப்பங்கள் ஏறக்குறைய 90,000. ஒவ்வொன்றுக்கும் திருப்பித் தராத கட்டணம் 2 லட்சம் ரூபாய். ஒரு பாட்டில்கூட விற்காமல் அரசுக்கு 1,800 கோடிக்குப் பக்கம் வந்துவிட்டது. 99 ரூபாய் குவார்ட்டரும் வந்தது.

இந்த முப்பது வருடத்தில் கடை தனியாரிடம் போனது, அரசிடம் வந்தது, மறுபடி தனியாரிடம் போனது. கடை எங்கே இருக்க வேண்டும் என்பதில் துபகுண்டா பெண்களுக்கு 1992இல் ஒரு பிடி இருந்தது. அதுவும் அவர்கள் தெருவில் இறங்கி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த ஆட்சியும் அந்தப் பிடியைச் சட்டமாக எழுதிக் கொடுக்கவில்லை. குடிப்பவன் வாக்காளன் ஆனான். கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவள் மனுதாரராகவே இருந்துவிட்டாள். டெல்லியிலும் 2021 நவம்பரில் அரசு கடைகளிலிருந்து முழுக்க வெளியேறி, பத்து மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தது. அதன்பின் நடந்த வழக்குகளும் கைதுகளும் ஊரறிந்தவை. அந்த வழக்கிலும் பேச்செல்லாம் உரிமம் யாருக்கு, கமிஷன் எவ்வளவு என்பதுதான். கடைக்கு எதிர்வீட்டில் இருப்பவர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இங்கே மது குறித்து மக்கள் கருத்து என்ன என்று யாராவது கேட்டால், கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. 'மதுவிலக்கு வேண்டுமா?' என்றால் வேண்டும் என்பார்கள். 'டாஸ்மாக்கைத் தனியாருக்குக் கொடுக்கலாமா?' என்றால் சிலர் தலையாட்டுவார்கள், பலர் 'எவன் வித்தா என்ன' என்பார்கள். மதுவிலக்கு வேண்டும் என்று சொன்னவரே சாயங்காலம் கடைக்குப் போவார். இதை வைத்துக்கொண்டு, 'பாத்தியா, நம்ம ஜனங்க ஹிப்போகிரைட்ஸ்' என்று மேஜையில் ஒருவன் முடித்துவிடுவான். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. சிகரெட் பிடிப்பவர் தன் மகன் பள்ளிக்கூட வாசலில் சிகரெட் விற்கக் கூடாது என்று சொல்வதில்லையா?

நம் ஊரில் இது தேர்தல் பிரச்சினையாக உச்சத்துக்குப் போனது 2016இல். அதற்கு முந்தைய வருடம் ஜூலை 31ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்துபோனார். அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். தேர்தல் வந்தபோது திமுக மதுவிலக்கு என்றது, அதிமுக படிப்படியாக மதுவிலக்கு என்றது, பாமக முதல் நாளே என்றது. 'படிப்படி' வென்றது. ஜெயலலிதா முதல் நாள் போட்ட கையெழுத்துகளில் ஒன்று 500 கடைகளை மூட. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி பதவிக்கு வந்ததும் இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு இன்னொரு 500. மூன்று முதல்வர்கள், மூன்று ஐநூறு. 2016-17இல் சுமார் 27,000 கோடியாக இருந்த வருமானம் அதே காலத்தில் 45,000 கோடியைத் தாண்டியது. விலை உயர்வுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் ஐநூறு ஐநூறாக மூடியதால் கஜானாவுக்கு வலிக்கவில்லை என்பது தெளிவு. எந்த ஐநூறு என்று முடிவெடுத்தது யார்? விற்பவரேதான். தன் கடைகளில் எதை மூடினால் தனக்கு வலிக்காது என்று அவருக்குத்தானே தெரியும்.

2017 இன்னும் நல்ல உதாரணம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. விபத்துகளைக் குறைப்பதற்கான உத்தரவு. 2017 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை அடைக்க வேண்டி வந்தது. அடைத்த கடை எங்கே போகும்? ஊருக்குள் வந்தது. வயல் நடுவில், குடியிருப்பு ஓரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால். மாநிலம் முழுக்கப் பெண்கள் புதுக்கடை வாசலில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி உட்கார்ந்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த வீடியோவை நாம் எல்லோரும் ஃபார்வர்டு செய்தோம். அந்தப் பெண் கேட்டது தனியார்மயம் இல்லை, முழு மதுவிலக்குகூட இல்லை. 'எங்க ஊர்ல வேண்டாம்' என்றுதான் கேட்டார்கள். அதைக் கேட்பதற்கு அன்றைக்குச் சட்டத்தில் ஒரு படிவம்கூட இருக்கவில்லை. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளி, கோயிலிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று விதி இருக்கிறது. டேப்பைக் கோயில் வாசலில் வைத்து அளக்கிறார்கள். வீட்டு வாசலில் வைத்து அளப்பதில்லை.

கிராம சபையில் தீர்மானம் போடலாமே என்றால், போடுகிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நான்கு கூட்டத்திலும் போட்டுப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. தீர்மானத்தைக் கோரிக்கை என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு. மனுவுக்கு ஒரு எண் கொடுப்பார்கள்.

இப்போது மகாராஷ்டிரம். அங்கே மதுக்கடைகள் தனியார் உரிமத்தில் இயங்குபவை, என் நண்பன் கேட்கிற அதே ஏற்பாடு. ஆனால் அங்கே ஒரு விதி இருக்கிறது. ஒரு கிராமத்தின், அல்லது நகரத்தில் ஒரு வார்டின், பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் கடை இருக்கலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். மொத்த வாக்காளர்களில் 25 சதவீதம் கையெழுத்திட்டாலும் நடத்தலாம். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள். ஒன்று நிற்கும் பாட்டில், இன்னொன்று படுத்த பாட்டில். எழுதப் படிக்கத் தெரியாதவரும் குத்தலாம். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் விழுந்தால் உரிமம் ரத்து, கடை மூட வேண்டும். மராத்தியில் இதற்கு 'உபி பாட்லி, ஆட்வி பாட்லி' என்று பெயர். ஊர் ஊராகப் பெண்கள் பாட்டிலைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

அது சொர்க்கம் இல்லை. வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் இருப்பவர்களில் பாதி வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். அதனால் தோற்ற வாக்கெடுப்புகளும் நிறைய. கையெழுத்துகளைச் சரிபார்க்கிறோம் என்று அதிகாரிகள் இழுத்தடிப்பார்கள். கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனாலும் அங்கே ஒரு பெண் அதிகாரி முன்னால் நிற்கும்போது அவள் கையில் இருப்பது மனு இல்லை, வாக்கு. கடை தனியாருடையதாக இருப்பதால் வந்த உரிமையா இது? இல்லை, அந்த விதியை எழுதியதால் வந்தது. இங்கே கடை அரசுடையதாக இருக்கும்போதே அப்படியொரு விதியை எழுத முடியும். எழுதவில்லை.

எழுதியதைப் பறித்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் மதுக்கடை திறக்கப் பஞ்சாயத்து, நகராட்சியின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருந்தது. நெடுஞ்சாலைத் தீர்ப்புக்குப் பிறகு கடைகளை இடம் மாற்ற வேண்டி வந்தபோது, 2017இல் இடதுசாரி அரசு அவசரச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. அதிகாரப் பரவலாக்கத்துக்குப் பேர்போன மாநிலம்! காசு என்று வரும்போது எல்லாக் கொடிக்கும் ஒரே நிறம்.

அமெரிக்காவை மேற்கோள் காட்டாவிட்டால் என் நண்பர்களுக்குத் திருப்தி வராது. அங்கே 1933இல் நாடளாவிய மதுவிலக்கு முடிந்த பிறகும் பல மாநிலங்களில் ஊரும் கவுன்டியும் வாக்களித்துத் தங்கள் எல்லைக்குள் மது வேண்டாம் என்று முடிவெடுக்க முடியும். ட்யூட்டி ஃப்ரீயில் பார்த்துப் பார்த்து வாங்கி வருகிறோமே ஜாக் டேனியல்ஸ், அது தயாராகும் டென்னசி மாநிலத்து மூர் கவுன்டியே அப்படி 'உலர்ந்த' கவுன்டி என்று பெயர் எடுத்ததுதான்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது கள்ளச்சாராயம். கடையை மூடினால் விஷச்சாராயம் குடித்துச் சாவார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இரண்டு சமயத்திலும் டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. மலிவான குவார்ட்டர் 140 ரூபாய் விற்ற காலத்தில் பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது காவல்துறை வேலை, கடை திறந்திருப்பதன் வேலை இல்லை. 'நாங்க விக்கலன்னா அவன் விப்பான்' என்று ஒரு அரசு சொல்வதைக் கேட்டு எப்படிச் சிரிக்காமல் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பணம். மகளிர் உரிமைத்தொகைக்கு எங்கே போவது? ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. நல்ல திட்டம். கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் தினம் ஒரு 140 ரூபாய் குவார்ட்டர் குடித்தால் மாதம் 4,200 ரூபாய். அந்தப் பெண்ணிடம் 'உன் தெருக் கடையை மூடினால் உன் ஆயிரம் நின்றுவிடும், சம்மதமா?' என்று கேட்டுப் பார்க்கலாம். என்ன சொல்வாள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கேட்பதற்கே பயப்படுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

மூன்றாவது, நான் மதிக்கும் ஆட்சேபம். உள்ளூரிடம் அதிகாரம் கொடுத்தால் உள்ளூர்ச் சாதியிடம் கொடுப்பதாகிவிடும். ஊர்த்தெரு வேண்டாம் என்று வாக்களித்தால் கடை எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலனிக்குப் போகும் வழியில் நிற்கும். இது கற்பனை இல்லை, இன்றைக்கே பல ஊர்களில் கடை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தலைவர் போடும் தீர்மானம் போதாது, கை தூக்கச் சொல்வது போதவே போதாது. கடையிலிருந்து இன்ன தூரத்துக்குள் இருக்கும் வீடுகளே வாக்களிக்கும் வட்டமாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் ஏற்கெனவே பாகம் பாகமாக, தெருவாரியாகத்தான் இருக்கிறது. காலனிக்குப் பக்கத்தில் கடை வைத்தால் காலனிதான் பெரும்பான்மை. ரகசிய வாக்கு. பெண்களின் வாக்கைத் தனியாக எண்ணி, அதில் பாதிக்கு மேல் வேண்டாம் என்றாலே கடை போக வேண்டும். கடை வேண்டும் என்று ஒரு வட்டம் வாக்களித்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குடிப்பவரும் வாக்காளர்தான்.

கடை ஊழியர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பலர் பட்டதாரிகள், 2003இலிருந்து தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு நாம் திட்டுவது அவர்களைத்தான். உடைந்த பாட்டிலுக்கும் கரண்ட் பில்லுக்கும் இறக்குக்கூலிக்கும் எங்கள் கையிலிருந்து போகிறது என்று அவர்கள் சங்கங்கள் பல வருடமாகச் சொல்கின்றன. தனியார் வந்தால் முதலில் வெளியே போவது இவர்கள். வாஷிங்டனில் அதுதான் நடந்தது. ஒரு கடை வாக்கெடுப்பில் மூடப்பட்டால் அதன் ஊழியரை அரசு வேறு துறையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணக்கில் பேரம் பேச முடியாத நிபந்தனை. இத்தனை வருடம் அவர்களை வைத்துச் சம்பாதித்த தொகைக்கு அது பெரிய செலவு இல்லை.

என் நண்பன் விடமாட்டான். 'இதெல்லாம் நடக்கிற காரியமா? யார் வாக்கெடுப்பு நடத்துவா?' என்பான். நியாயமான கேள்வி. உள்ளாட்சி அமைப்புதான் நடத்த வேண்டும். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்களை நியமித்தார்கள். அதன்பின் அந்த ஊர்களில் கிராம சபை கூடி 'எங்கள் ஊரில் கடை வேண்டாம்' என்று தீர்மானம் போட்டபோது, அதை வாங்கிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தனி அலுவலர் வாங்கிக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கடை எங்கே இருக்கலாம் என்று ஒப்புதல் கொடுப்பதும் அதே அலுவலகம்தான்.